முதுகில் ஒட்டிய கடை

இஃப்ரா தன் மருதாணி டிசைன் ஃபைல்களை விற்றுவந்த இணையதளம், காரணம் சொல்லாமல் அவள் கணக்கை முடக்கியது. அவள் அனுப்பிய நான்கு மெயிலுக்கும் பதில் இல்லை.

"இன்னொரு மெயில் போட்டுப் பாரேன்" என்றான் துபாயிலிருந்து கணவன் முஹைதீன்.

"கெஞ்சுனது போதும். என் கடைய நானே வச்சுக்கிறேன்."

டிசைன்களை விற்கச் சொந்தமாக ஒரு இணையப் பக்கம் உருவாக்கி, அதன் க்யூஆர் ஸ்டிக்கரை மருதாணிக் கோன்களில் ஒட்டினாள். கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களின் பெட்டிகளிலெல்லாம் அந்தக் கோன்கள் போயின. ஒரு மாதமாகியும் ஒரு டிசைன்கூட விற்கவில்லை.

ஷார்ஜாவிலிருந்த நாத்தனார் நஸீரா போனில் சிரித்தாள். "மருதாணி வச்ச கையோட யாரு மச்சி போனத் தொடுவா?"

மறுவாரம் ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்கு மருதாணி வைக்கப் போனாள் இஃப்ரா. பின்னால் முப்பது பெண்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். முப்பது பேர் கையிலும் போன்.

பையிலிருந்த பெரிய க்யூஆர் ஸ்டிக்கரை மணப்பெண்ணின் அக்காவிடம் நீட்டினாள். "இத என் முதுகுல ஒட்டுங்க லாத்தா."

"எதுக்கும்மா?"

"ஒட்டுங்க, சொல்றேன்."

காத்திருந்தவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மணப்பெண்ணின் உள்ளங்கையில் கோடிழுக்கத் தொடங்கினாள். மணிக்கட்டை எட்டுவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"கொஞ்சம் ஆடாம இரும்மா. ஸ்கேன் ஆக மாட்டேங்குது."