பின்வரிசை டிரம்கள்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சூப்பர்வைசருக்கு அவர் வீட்டிலேயே உட்கார இடம் கிடைக்காது. இருப்பதே இரண்டு அறை. ஒன்றில் டிரம்கள் குடியிருந்தன, இன்னொன்றில் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். ஞாயிறு மதியம் அந்த இன்னொன்றிலும் குடியிருப்புக்காரர்கள் வந்து வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட, அவர் சமையல்கட்டு வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒண்டுவார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் அவர் காலை மிதித்துவிட்டு, "ஸாரி சூப்பர்வைசர் சார்" என்பார்கள்.

சூப்பர்வைசர் என்பது இப்போது வெறும் கூப்பிடு பெயர்தான். போன மழைக்காலத்தில் அவர் வேலை பார்த்த கிடங்கை இழுத்து மூடிவிட்டார்கள். அடுத்த மழையும் நெருங்கிவிட்டது, அவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். வேலை செய்த அலுப்பு ஒரு தூக்கம் போட்டால் போய்விடும். வேலை இல்லாத அலுப்பு அப்படியில்லை. காலையில் நமக்கு முன்னால் எழுந்து, பல் விளக்கி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நம்மைப் பார்க்கும்.

அவர் மனைவிக்கு முகத்துக்கு நேரே 'டீச்சர்' என்றும், முதுகுக்குப் பின்னால் 'டப்பா டீச்சர்' என்றும் பெயர். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளம். கட்டடத்தைச் சுற்றித் தண்ணீர், கரண்ட் இல்லை, கடை இல்லை. மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு இரண்டு பேரும் நமத்துப்போன பிஸ்கட்டைத் தின்று நாளை ஓட்டினார்கள். தண்ணீர் வடிந்த மறுநாளே அவள் போய் முதல் டிரம்மை வாங்கிவந்தாள். இனி ஒரு முறை அப்படி ஆகாது என்று அவள் சொன்ன விதத்தில் வெள்ளமே பயந்திருக்க வேண்டும், அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

அதோடு நிறுத்தினாளா? அரிசியைப் பூச்சி அண்டாமல் வைப்பது, காய்களைச் சீவி உலர்த்துவது, தக்காளியைக் காய்ச்சிப் பாட்டிலில் அடைப்பது, பழைய டின்னில் அடுப்பு செய்வது, கலங்கல் தண்ணீரைத் தெளியவைப்பது என்று கற்றுக்கொண்டதையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தாள். காசு வாங்கமாட்டாள். "என் வீட்டுல மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? பக்கத்து வீட்டுக்காரன் பட்டினியா இருந்தா என் வாசலைத்தான தட்டுவான்" என்பாள். இந்த நியாயத்தில் பாதி தருமம், பாதி தற்காப்பு.

சூப்பர்வைசர் அந்த டிரம் அறையை நம்பித்தான் உட்கார்ந்திருந்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. காய்கறி மார்க்கெட் மேஸ்திரி பலமுறை போன் செய்து, "ஆள் வேணும் சார், விடியக்காலையில வந்து லாரி இறக்கணும், வர்றீங்களா?" என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் இவர் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்து சாப்பிட உட்காருவார். மூட்டை தூக்கி, முதுகு தேய்ந்து, பேனா பிடிக்கிற இடத்துக்கு வந்த மனுஷன். மறுபடியும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? அறை நிறையச் சாமான் இருக்கிறது. மனைவி பேக்கரியில் அரை நாள் பொட்டலம் போடுகிறாள். நல்ல வேலையாகப் பார்த்துப் போகலாம், என்ன அவசரம்?

அந்த அறைக்குள் அவரை விடமாட்டாள் என்பதுதான் ஒரே மனத்தாங்கல். "நீங்க கைய வெச்சா வரிசை கலஞ்சிடும்" என்பாள். சாம்பாரும் இல்லை ரசமும் இல்லை என்கிற மாதிரி ஒரு தண்ணிக் குழம்பை ஊற்றும்போது அவர், "உள்ள இவ்வளவு இருக்கே, கொஞ்சம் எடுத்தாத்தான் என்ன?" என்று கேட்டால், "அது அவசரத்துக்கு" என்று வாயை அடைத்துவிடுவாள். இவளுடைய அவசரம் எந்த ரயிலில் வருகிறதோ என்று அவர் முணுமுணுத்துக்கொள்வார்.

அந்த ஞாயிறு மெழுகுவர்த்திப் பாடம். நன்றாகக் காய்ந்த அரிசியை டிரம்மில் முக்கால் வாசி நிரப்பி, மேலே ஒரு கிண்ணத்தில் சின்ன மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து, மூடியை இறுக்க வேண்டும். உள்ளே இருக்கிற காற்றைத் தின்றுவிட்டு அது தானாக அணைந்துவிடும். அப்புறம் வண்டு பிழைக்காது. டீச்சர் சின்ன டப்பா ஒன்றில் செய்து காட்டினாள். குரல் கம்மியிருந்தது. சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் சுவரில் சாய்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"முக்கியமான விஷயம், பழசு முன்னால, புதுசு பின்னால. எடுக்கும்போது முன்னாலேர்ந்துதான் எடுக்கணும். புதுசு நல்லாருக்கேன்னு பின்னால கை நீட்டினீங்க, முன்னால இருக்கறது மக்கிப் போயிடும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். கேஷியர் மட்டும் ஆட்டவில்லை. பேங்கில் ரிடையரான மனுஷன், எதையும் இரண்டு தரம் சரிபார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"டீச்சர், சின்ன டப்பால எல்லாம் சரி. போன வருஷம் இதே மாதிரி பெரிய டிரம்ல மூடினேன்னு சொன்னீங்களே, அதை ஒரு தடவை கண்ணுல காட்டுங்க. பின்வரிசைல இருக்குமே."

"அது... உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. இன்னொரு நாள் பார்க்கலாம்."

"நீங்க ஏன் சிரமப்படணும்? சார் சும்மாதான உட்கார்ந்திருக்காரு" என்றாள் மேல்வீட்டுத் தையல்காரம்மா. அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். இருந்தாலும் 'சும்மா' என்ற சொல் சூப்பர்வைசருக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்துவிட்டார்.

"நீங்க இருங்க" என்று டீச்சர் குறுக்கே வந்தாள். "இடுப்பு பிடிச்சுக்கும்."

"இந்த இடுப்பு எத்தனை லாரி இறக்கின இடுப்பு தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போனார். அறைக்கதவு விரியத் திறந்திருந்ததால் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் கண்ணும் அவர் முதுகில் இருந்தது.

முன்வரிசை டிரம்களை மெல்ல ஒதுக்கினார். கனமாகத்தான் இருந்தன. பின்வரிசையில் சுவரை ஒட்டி நின்ற பெரிய டிரம்மின் அடியில் கைகளைக் கொடுத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, கிடங்கில் தூக்குகிற மாதிரியே முழு மூட்டைக்கான பலத்தைப் போட்டுத் தூக்கினார்.

டிரம் பஞ்சாக மேலே வந்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கால் பின்னால் போய், அடுத்த டிரம்மில் இடித்தது. அதுவும் அவர் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி டொங்கென்று காலிச் சத்தம் போட்டது. அதற்கு அடுத்ததில் முழங்கை பட்டது. அதுவும் காலி.

அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பேக்கரிச் சம்பளத்தில் எந்தக் குடும்பமும் இத்தனை மாசம் ஓடாது. கிடங்குக் கணக்கெல்லாம் போட்டவருக்கு இந்தக் கணக்கு மட்டும் எப்படித் தப்பியது? இவள் அவசரம் அவசரம் என்றாளே, அது எப்போதோ வந்து, இந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவரோடு ஒரே தட்டில்.

கோபம் வந்தது. திரும்பினார். வாசலில் டீச்சர் நின்றிருந்தாள். புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பத்து முகங்கள்.

சூப்பர்வைசர் முழங்காலை மடக்கினார். கழுத்து நரம்பு புடைக்கப் பல்லைக் கடித்தார். "ஹூம்" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு முக்கல் முக்கி, அந்தக் காலி டிரம்மை மார்போடு அணைத்து, ஒவ்வொரு அடியாகத் தரையை அளந்து நடந்துவந்து, கூட்டத்துக்கு நடுவில் மெதுவாக, அடி சத்தம் போடாமல் இறக்கினார். நிறைந்த டிரம் எப்படி இறங்கும் என்று அவருக்குத் தெரியாதா? நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துடைக்க நிஜமாகவே வியர்வை இருந்தது.

"அடேங்கப்பா!" என்றாள் தையல்காரம்மா.

கேஷியர் மூடிக்குக் கையைக் கொண்டுபோனார். "அப்படியே திறந்து ஒரு பார்வை..."

சூப்பர்வைசர் டிரம் மேல் உட்கார்ந்துவிட்டார். "என்ன சார், இவ்வளவு நேரம் பாடம் கேட்டீங்க! திறந்தா காத்து உள்ள போயிடாதா? ஒரு வருஷமா காப்பாத்தினது உங்க ஒரு பார்வைக்கு வீணாகணுமா?"

கூட்டம் சிரித்தது. கேஷியரும் அசடு வழியச் சிரித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். கடைசி ஆள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கும்வரை சூப்பர்வைசர் அந்த டிரம்மை விட்டு எழுந்திருக்கவில்லை.

கதவைச் சாத்தியதும் கேட்டார். "எப்பலேர்ந்து?"

"கிடங்கு மூடின மறு மாசத்துலேர்ந்து."

"முன்னால இருக்கறது மட்டும் நிறைஞ்சிருக்கே?"

"பின்னாலேர்ந்து எடுத்தேன். முன்னாலேர்ந்து எடுத்தா கதவைத் திறந்ததும் தெரிஞ்சிடுமே." அவள் சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "முன்னால இருக்கறதும் நாலு டிரம்தான். அதுலயும் வண்டு விழுந்தாச்சு. ஊருக்கெல்லாம் சொல்றேன், நான் மட்டும் தலைகீழா செஞ்சேன்."

"எல்லாருக்கும் தொண்டை கிழியச் சொல்லிக் குடுக்கறியே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மேஸ்திரி கூப்பிட்டப்பல்லாம் எந்தத் தைரியத்துல பார்க்கலாம்னு சொன்னேன்? இந்த ரூமை நம்பித்தான!"

"தெரியும். போனை வெச்சிட்டு வந்து தட்டுக்கு முன்னால உட்காருவீங்க. சொல்லிடணும்னு வாய் வரைக்கும் வரும், முழுங்கிடுவேன். சொன்னா மறுநாளே நீங்க மூட்டை தூக்கப் போயிடுவீங்க. எப்படி மேல வந்தீங்கன்னு கூட இருந்து பார்த்தவ நான்."

அவளே மறுபடியும் ஆரம்பித்தாள். இந்த முறை குரலில் ஒரு எரிச்சல் இருந்தது, அது அவள்மேலேயே பட்ட எரிச்சல்.

"எல்லாம் உங்களுக்காகன்னு சொன்னா அது பொய். இந்த ரூம் காலின்னு தெரிஞ்சா என்னை யாரு டீச்சர்னு கூப்பிடுவா? வாரத்துல ஆறு நாள் பேக்கரில 'ஏய், இங்க வா'ன்னு கூப்பிடறாங்க. ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது... எனக்கு அலுத்துப்போச்சுங்க. நிரப்பறதுக்குக்கூட இவ்வளவு அலுப்பு இல்ல. நிறைஞ்ச மாதிரி காட்டறதுக்குத்தான்."

சூப்பர்வைசருக்கு அவளைத் திட்டவும் தோன்றியது, அவள் காலைப் பிடிக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் போனை எடுத்தார். மேஸ்திரி உடனே எடுத்தார்.

"என்ன சார், பார்த்தாச்சா?" என்றார் மேஸ்திரி. கிண்டல்தான், ஆனால் விஷம் இல்லாத கிண்டல். "எழுதற வேலை ஒண்ணும் இல்ல சார். மூட்டைதான். தூக்குவீங்களா?"

"தூக்குவேன்" என்றார் சூப்பர்வைசர். "கனமா இருந்தா போதும்."

மேஸ்திரிக்குப் புரியவில்லை. விடியும் முன் வந்துவிடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமைக்க எழுந்தாள். முன்வரிசையிலிருந்து, வெளிப்படையாகவே, ஒரு டிரம்மைத் திறந்தாள். இரண்டு பேரும் தரையில் எதிரெதிராக உட்கார்ந்து முறத்தில் வண்டு பொறுக்கினார்கள். "அடுத்த ஞாயிறு என்ன பாடம்?" என்று கேட்டார் அவர். "வண்டு பொறுக்கறது" என்றாள் அவள். சிரிக்கத்தான் பார்த்தார்கள், இரண்டு பேருக்கும் தெம்பில்லை.

சாப்பிடும்போது வழக்கம்போல அவர் தட்டில் குவித்துவிட்டு, "நான் அப்புறம் சாப்பிடறேன்" என்றாள்.

அவர் சோற்றில் கை வைக்கவில்லை. எழுந்துபோய்ப் பானையைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த நாலு பருக்கையைத் தவிர ஒன்றும் இல்லை. இத்தனை மாசமும் அந்த 'அப்புறம்' இதுதானா என்று அவர் கேட்கவில்லை. இன்னொரு தட்டை எடுத்துவந்து தன் சோற்றில் பாதியை அதில் தள்ளினார்.

அன்று இரண்டு தட்டிலும் ஒரே அளவு இருந்தது. இரண்டு பேருக்குமே போதவில்லை.