துரை ஏறிய கால்கள்

நாய்க்குட்டி துரைக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. இதைச் சொல்ல அவளுக்கு யாருடைய சான்றிதழும் தேவைப்படவில்லை. வாயைத் திறந்து பார்த்தாலே போதும். பால் பல் அத்தனையும் விழுந்து, கோரைப் பற்கள் நான்கும் முழுசாக இறங்கியிருந்தன. பல் விஷயத்தில் அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. வீட்டு முன்னறையில் மேஜை போட்டு, மூன்று பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பவள். தெருவில் அவளுக்குப் பெயரே பல்செட்டக்காதான்.

நாயைக் கொண்டுவந்தது அவள் கணவன். லிப்ட் பழுது பார்க்கப் போன ஒரு குடியிருப்பில் யாரோ கையில் கொடுத்தார்களாம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லையாம். எதற்குத்தான் அவனுக்கு வாய் வந்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். துரை என்று பெயர் வைத்ததும் அவன்தான். பெயர் வைத்ததோடு அவன் பங்கு முடிந்துவிட்டது. மூத்திரம் துடைத்தது, ஊசிக்குக் கூட்டிப்போனது, பல்செட் வேலைக்கான மெழுகுக் கட்டியைத் தின்றுவிடாமல் காவல் காத்தது எல்லாம் அவள் தலையில் விழுந்தது.

ஆறாவது மாதக் கடைசியில் அந்தப் பழக்கம் ஆரம்பித்தது. முதலில் முன்னறை மூலையில் கிடந்த, பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டர் மாவு மூட்டை. அதை முன்னங்கால்களால் கட்டிப் பிடித்து, பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு, ஏதோ முக்கியமான யோசனையில் இருப்பது போன்ற முகத்தோடு நின்றது. அவள் மூட்டையைத் தூக்கிப் பரணில் போட்டாள். அடுத்தது சோபாத் தலையணை. அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகு துரை மனிதக் கால்களுக்கு வந்துவிட்டது.

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். போனில் படம் பிடித்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினான். பதினோரு பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். அவளுடைய பிறந்த நாளுக்கு இரண்டு பேர்தான் வாய் திறந்திருந்தார்கள்.

பிறகு ஆலோசனைகள் வந்து குவிந்தன. நாய் வளர்த்தே இராதவர்களுக்குத்தான் நாயைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கிறது. மாடி வீட்டு அம்மாள் துணி காயப்போட வந்தவள், அதற்கு ஒரு ஜோடி பார்த்துவிட்டால் அடங்கிவிடும் என்றாள். உங்கள் பையனுக்கும் அப்படித்தான் பார்த்தீர்களா, அடங்கிவிட்டானா என்று இவள் கேட்டாள். மாடி வீட்டம்மாள் அதன்பிறகு நான்கு நாள் துணி காயப்போட வரவில்லை.

எல்லா ஆலோசகர்களுக்கும் மேலே இருந்தவர் கமாண்டர். கணவனின் அண்ணன். ராணுவத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு வணிக வளாகத்தில் வாட்ச்மேன்களுக்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதைப் பார்த்தால் இரண்டு நாடுகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வருகிறவர் போலத்தான் இருக்கும். கமாண்டர் என்பது அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர்.

அவர் வாரத்துக்கு மூன்று நாள் வருவார். வாசலிலேயே தொடையைத் தட்டி, விசில் அடித்து, சிங்கமே வாடா என்று குட்டியை அழைப்பார். அதன் காதைப் பிடித்து இழுத்து, சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அது மூச்சு வாங்கிக் கண்ணை உருட்டுகிற வரைக்கும் விடமாட்டார். அது வெறியேறி அவர் காலிலேயே தாவி ஏறினால் மட்டும் முகம் சிவந்துவிடும். நாய் நம்மை அடக்கப் பார்க்கிறது, வீட்டுக்கு யார் தலைவர் என்று அதற்குக் காட்ட வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். அந்த வீட்டுக்கு யார் தலைவர் என்பதை அவருடைய தம்பிக்கே இன்னும் யாரும் காட்டவில்லை என்று அவள் மெழுகைச் செதுக்கிக்கொண்டே நினைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் ஒருவர் அவசரமாக ஒரு செட்டை வாங்கிப்போக நேரிலேயே வந்தார். தேய்த்த பேண்ட், மடிப்புக் கலையாத சட்டை. அவருக்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் கமாண்டர் வந்து குட்டியை உசுப்பேற்றி முடித்திருந்தார். டாக்டர் செட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போது துரை பாய்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது. மனிதர் ஒற்றைக் காலில் நின்று, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், இது எப்போதும் இப்படித்தானா என்று மெதுவாகக் கேட்டார். கணவன் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டான்.

கமாண்டருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? எழுந்து வந்து குட்டியைக் கழுத்தோடு பிடித்து மல்லாக்கத் தள்ளி, தொண்டைமேல் கையை வைத்து அழுத்தினார். அது கண்ணைத் தாழ்த்துகிற வரைக்கும் விடக்கூடாது என்று அறைக்கே பாடம் நடத்தினார். துரை வீறிட்டது. நான்கு கால்களும் காற்றில் உதைத்தன. மூத்திரம் தரையெல்லாம் பரவியது. அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து விலக்குவதற்குள் அரை நிமிஷமாவது போயிருக்கும். விட்டதும் குட்டி மேஜைக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. கணவன் குனிந்து கையை நீட்டினான். முதல் தடவையாக அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது.

"பாத்தியா, அடங்கிடுச்சு" என்றார் கமாண்டர், கையைத் துடைத்துக்கொண்டே.

"அடங்கல மாமா. பயந்துடுச்சு" என்றாள் அவள். "உங்க கழுத்த யாராவது இப்படிப் புடிச்சா நீங்களும் சத்தம் போடாமத்தான் கெடப்பீங்க. அதுக்காக அவன் உங்களுக்குத் தலைவனா?"

டாக்டர் செட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொல்லாமல் கிளம்பிவிட்டார். கணவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அங்கே ஏதோ கம்பி அறுந்துவிட்டது போல.

மறுநாள் அவள் குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனாள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பசுமாட்டுக்குப் பிரசவம் பார்த்த களைப்போடு வந்து உட்கார்ந்த ஒரு பெண்மணி. துரையைக் கையால் தொடாமல் கொஞ்ச நேரம் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அதுவாக வந்து மோந்த பிறகுதான் வயிற்றைத் தடவி, அடிப்பக்கத்தைச் சோதித்து, சிறுநீரையும் எடுத்துப் பார்த்தாள். புண் இல்லை, எரிச்சல் இல்லை, சீழ் இல்லை. இது ஆசையும் இல்லை, அதிகாரமும் இல்லை என்றாள்.

"குட்டிக்குப் பரபரப்பு ஏறிடுது. அத எங்க எறக்கறதுன்னு தெரியல. கையில கெடைக்கிற கால்ல எறக்குது. அவ்வளவுதான்."

மல்லாக்க அழுத்தியதைச் சொன்னபோது மருத்துவரின் முகம் மாறியது. இன்னொரு தடவை செய்தால் கடிக்கும், கடித்தால் பழி நாய்மேல் விழும் என்றாள். விதை நீக்கும் அறுவை செய்துவிடலாமா என்று இவள் கேட்டாள். வளர்ச்சி முடியட்டும், ஒரு வயதுக்கு மேல் பார்க்கலாம், அதனால் கொஞ்சம் குறையலாம். ஆனால் ஊரே சிரித்துச் சிரித்துப் பழக்கிவிட்டதைக் கத்தி வந்து எடுக்காது என்றாள் மருத்துவர். கடைசியாக ஒரு வாரத்துக்கு எழுதிக்கொண்டு வரச் சொன்னாள்: எப்போது ஏறியது, யார்மேல், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது.

எழுதுவது அவளுக்குக் கசக்கவில்லை. டாக்டர்கள் அனுப்புகிற பல் அளவுச் சீட்டுகளின் பின்பக்கத்தில், வேலைக்கு நடுவே, பொடி எழுத்தில் எழுதினாள். வாரக் கடைசியில் சீட்டுகளை அடுக்கிப் பார்த்தபோது அவளுக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். பதினான்கு தடவை. அதில் எட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே நடக்காதது போலக் கமாண்டர் வந்து கூத்தடித்த கையோடு. ஆறு, கணவன் வேலை விட்டு வந்து தரையில் புரண்டு மல்லுக்கட்டி விளையாடிய பிறகு. அவள் வேலை செய்கிற பகல் முழுக்க, காலடியில் அது தூங்குகிற நேரத்தில், ஒன்றுகூட இல்லை. குற்றவாளிகள் இருவரையும் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மிதப்பில் அவள் மருத்துவரிடம் போனாள்.

மருத்துவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு கேட்டாள்:

"எல்லாரையும் எழுதியிருக்கீங்க. உங்கள எழுதலையே?"

தன்மேல் அது ஏறியதே இல்லை என்றாள் இவள், கொஞ்சம் வெடுக்கென்று. உங்கள்மேல் என்று கேட்கவில்லை, நீங்கள் குரலை உயர்த்தும்போது அது என்ன செய்கிறது என்றுதான் கேட்கிறேன் என்றாள் மருத்துவர். இவளுக்குச் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது. பல்லின் நிறத்தை மாற்றிச் சொன்ன ஒரு டாக்டரின் உதவியாளரைப் போனில் அவள் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தபோது, துரை மேஜையைச் சுற்றி ஓடி முக்காலி மெத்தைமேல் ஏறி ஆட்டியது. வெள்ளிக்கிழமையும் அதே கதை. அன்று வறுபட்டவன் கணவன். இரண்டையும் பார்த்தாள். இரண்டையும் எழுதவில்லை. வீடு திரும்புகிற வழியெல்லாம் அவளுக்குக் காது மடல் சுட்டது. மற்றவர்களை நோண்டிப் பார்த்தே பழகிவிட்டவளுக்குத் தன் பக்கம் வெளிச்சம் திரும்பியது பிடிக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து, இரண்டு சீட்டுகளை எடுத்து, அவற்றையும் எழுதிப் பதினாறாக்கினாள்.

அன்றிலிருந்து மருத்துவர் சொன்னபடி வீட்டின் நடைமுறை மாறியது. சாயங்காலம் குட்டியை இழுத்துக்கொண்டு ஓடாமல், அது ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து முடிக்கிற வரைக்கும் நின்று கூட்டிப்போனாள். மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பாய். "பாய்க்குப் போ" என்றால் போய்ப் படுக்க வேண்டும். படுத்தால் வாயில் ஒரு தீனித் துண்டு, கடிக்க ஒரு ரப்பர் எலும்பு. யாராவது வருவது தெரிந்தால் முன்கூட்டியே கழுத்தில் கயிறு. காலில் ஏறினால் கத்தக்கூடாது, தள்ளக்கூடாது, சிரிக்கவே கூடாது. கயிற்றைப் பிடித்துப் பேசாமல் உள்ளறைக்குக் கூட்டிப்போய், இரண்டு நிமிஷம் அது ஆறுகிற வரைக்கும் விட்டுவிட்டு, மறுபடி கூட்டிவர வேண்டும். வட்டமடித்து ஓடி, முனகி, கண் விரிய ஆரம்பித்தாலே விளையாட்டை நிறுத்திவிட வேண்டும்.

துரை நான்கு நாளில் பாயைக் கற்றுக்கொண்டது. கணவனுக்கு மூன்று வாரம் பிடித்தது. சிரிப்பு வந்தால் குளியலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வரச் சொன்னாள். போனான். கதவுக்குப் பின்னாலிருந்து அவன் சிரிப்பது கேட்கும். துரை காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு எலும்பைக் கடிக்கும். அவளும் போனில் சண்டை வந்தால் பின்கட்டுக்குப் போய்ச் சண்டை போட்டாள். அங்கே நின்று கத்துவது அவ்வளவு ருசிக்கவில்லை என்பதால் சண்டைகளே கொஞ்சம் குறைந்தன. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கமாண்டர் அடுத்து வந்தபோது அவள் வாசலிலேயே மறித்தாள். சத்தம் போடாமல் உள்ளே வந்து உட்காருங்கள், குட்டி பாயில் படுக்கிற வரைக்கும் அதைப் பார்க்காதீர்கள் என்றாள்.

"ஒரு நாய்க்கு நான் அடங்கிப் போகணுமா?"

"அடங்க வேணாம் மாமா. அமைதியா வந்தா போதும்."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி செருப்பைப் பார்த்தான். பிறகு, அவள் காதையே அவளால் நம்ப முடியவில்லை, "அவ சொல்றபடியே செய்யுங்கண்ணா" என்றான். கமாண்டர் திரும்பிப் போய்விட்டார். ஒரு மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மறுபடி அவர் வந்தது ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில். விசில் இல்லை. தொடைத் தட்டல் இல்லை. கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றார். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் அவருக்குப் பொய்ப்பல். அவற்றைத் தாங்குகிற தட்டு இரண்டாக உடைந்துவிட்டதாம். அவருக்குப் பொய்ப்பல் இருப்பதே இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரியாது. எந்த டாக்டர் செய்தாரோ, நல்ல வேலை என்று அவளால் ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஒன்றும் கேட்காமல் துண்டுகளை வாங்கி ஒட்டவைத்து, அச்சு எடுத்து, வேலையை ஆரம்பித்தாள். பொக்கை வாயோடு பேச வெட்கப்பட்டு அவர் ஒன்றரை மணி நேரம் நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். துரை தலையைத் தூக்கி ஒரு தடவை அவரைப் பார்த்தது. தொண்டையில் ஒரு சின்ன உறுமல் வந்தது. அவள் பாய் என்று சொன்னாள். அது திரும்ப முகத்தைப் பாதங்கள்மேல் வைத்துக்கொண்டது.

பளபளப்பாக்கிக் கழுவிக் கொடுத்ததும் அவர் தட்டை வாயில் மாட்டி, நாக்கால் தடவிப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்துகொண்டது.

"எவ்வளவு ஒழுங்கா கெடக்குது பாரு" என்றார் முழுக் குரலில். "அன்னிக்கு நான் ஒரு அழுத்து அழுத்தினேன்ல."

அந்தக் குரல் கேட்டதும் துரை எழுந்தது. ஒரு வட்டம் அடித்தது. அவள் நாக்கு நுனியில் பத்து பதில்கள் வரிசை கட்டி நின்றன. அதற்குள், மதியச் சாப்பாட்டுக்கு வந்து உள்ளறையில் இருந்த கணவன் எழுந்து வந்தான். சிரிக்கவில்லை. கயிற்றை எடுத்துக் குட்டியின் கழுத்தில் மாட்டி, கம்பங்களை மோந்து பார்க்கவிட அதைத் தெருவுக்குக் கூட்டிப்போனான்.