சாயத் தொழிற்சாலையின் சுத்தமான தண்ணீர்

பாட்டிலை உடைத்தது சாட்சாத் ஆய்வாளரேதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதினாறு வருஷமாகத் தண்ணீர் மாதிரி எடுக்கிறவர். சாயத் தொழிற்சாலையின் கழிவுநீரைப் பிடித்து, அரக்கு முத்திரை வைத்து, கைக்குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் வந்தார். பாதி வழியில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, போனும் கையுமாக ஒரு மரத்தடிக்கு ஒதுங்கினார். ஆய்வாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாட்டிலை இடுக்கிக்கொண்டே பூனைநடை போட்டு ஒட்டுக்கேட்கப் போனார். வேர் தடுக்கியது. பாட்டில் சுக்குநூறு. காதில் விழுந்ததோ, "தக்காளி அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்று டிரைவர் போனில் பெண்டாட்டியிடம் கேட்டது மட்டும்தான்.

அதுவே சங்கேதமாக இருந்தால்?

சொல்லாமல் கொள்ளாமல்தான் சோதனைக்குப் போகிறார்கள். ஆனாலும் இந்தத் தொழிற்சாலையில் எப்போது பிடித்தாலும் தண்ணீர் பளிங்கு. கீழே ஆற்றோரக் கிணறுகளில் மட்டும் ஊதா. யாரோ முன்கூட்டியே துப்புக் கொடுக்கிறார்கள். போகும் நாள் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் டிரைவரும். தன்னைச் சந்தேகப்படும் அளவுக்கு ஆய்வாளருக்கு இன்னும் புத்தி கெட்டுப்போகவில்லை.

டிரைவர்மேல் எழுதிய புகார் மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே வியர்த்துக்கொண்டிருந்தது. இன்று சாயங்காலம் மேலதிகாரியிடம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்த வேலை, கொடுத்த கையோடு போய்விடும். பத்து வருஷமாக "மாப்ளே" என்று கூப்பிட்ட ஆள். பாவிப்பயல் துரோகம் செய்தாலும் பெண்டாட்டிக்குக் காய்கறி வாங்கிப் போகிறானே என்று வேறு மனசு இளகித் தொலைத்தது.

உடைந்ததற்கு இன்னொன்று பிடித்தாக வேண்டுமே. வண்டி திரும்பியது. முக்கால் மணி நேரத்துக்கு முன் பளிங்காக ஓடிய அதே குழாயில் இப்போது கத்தரிப்பூ நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஊற்றியது. ஆய்வாளர் பிடித்து முத்திரை வைத்தார். நிறம் எப்படி மாறியது என்று காவலாளியைக் கேட்டதற்கு, வெயில் ஜாஸ்தி என்றார். மேனேஜரைக் கேட்டதற்கு, உட்காருங்க, ஜூஸ் சாப்பிடுங்க என்றார்.

கடைசியாகச் சுத்திகரிப்பு இயந்திரத்தை இயக்கும் அம்மாவிடம் போனார். ஊதாக் கிணற்றுக்காரர்களில் அவரும் ஒருவர். இயந்திரம் ஓடவில்லை. அந்த அம்மா அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தார்.

"யாரும்மா உங்களுக்கு முன்னாடியே சொல்றது? எங்க டிரைவர்தானே? ஒளிக்காம சொல்லுங்க. இல்லன்னா இன்னிக்கு அவன் வேலை போயிடும்."

அந்த அம்மா வெளியே ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரைப் பார்த்தார். பிறகு இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாது சார். நீங்கதான் சொல்றீங்க. எங்க மேனேஜர் வீடு உங்களுக்குப் பின் தெருதான். சோதனைக்கு முந்தின நாள் பாட்டிலையெல்லாம் கழுவி உங்க மொட்டை மாடியில கவுத்து வெக்கிறீங்கல்ல? பார்த்ததும் எனக்குப் போன் பண்ணிடுவாரு, நாளைக்கு மிஷினை ஓட்டுன்னு. நீங்க வந்துட்டுப் போனதும் நிறுத்திடுவோம்."