கோட்டுக்கு வெளியே விழுந்த புள்ளிகள்

யானையின் கழுத்துப்பட்டை மணிக்கு ஒரு தடவை, அது நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் வரைபடத்தில் அது சிவப்புப் புள்ளியாக விழும். காட்டின் எல்லைக்கோட்டுக்கு வெளியே விழுந்த புள்ளிகளை 'கருவிப் பிழை' என்று அழிப்பது, அங்கே தற்காலிக ஊழியராக இருந்த அவளுடைய வேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. அந்த வனத்துறை அலுவலகத்தில் முழு யானையையே மறைத்தார்கள்.

"யானை வெளிய வந்துச்சுன்னா மேலிடத்துல என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க. படம் சுத்தமா இருக்கட்டும், உன் வேலையை நிரந்தரமாக்கிடறேன்" என்று அதிகாரி ஆசை காட்டியிருந்தார்.

அவளுடைய அண்ணன், கோட்டுக்கு வெளியே இருந்த பம்ப் அறையில் காவல்காரன். குழாயைத் திறக்கப் போகுமுன், யானை கோட்டுக்குள் இருக்கிறதா என்று தினமும் அவளிடம் போனில் கேட்டுக்கொள்வான். யானைக்கு அவன் வைத்த பேர் 'உன் மாப்பிள்ளை'.

அன்று நாலு மணிக்குள் மூன்று புள்ளிகள் வெளியே விழுந்தன. ஒன்றென்றால் பிழை. மூன்றும் வரிசையாக நடந்து, பம்ப் அறைக்குப் பின்னால் போய் நின்றிருந்தன. அவள் அழிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, புள்ளிக்குப் பொட்டு வெச்சு அழகு பாக்கறியா? அழி" என்றார் பின்னால் நின்ற அதிகாரி.

அழித்தாள். போன் அடித்தது.

"என்ன தங்கச்சி, உன் மாப்பிள்ளை வீட்ல இருக்காரா, ஊர் சுத்தறாரா?"

அதிகாரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளதாண்ணே இருக்கு."

"நீ சொன்னா சரி. திறந்துட்டு வந்துடறேன்."

அதிகாரி அந்தப் பக்கம் நகர்ந்ததும் திரும்ப அழைத்தாள். ஏழு தடவை மணி போனது, யாரும் எடுக்கவில்லை. ஐந்து மணிப் புள்ளி அதே இடத்தில் விழுந்தது.

பிணத்தின் முகத்தை யாருக்கும் காட்டவில்லை. அண்ணி அழவில்லை.

"தங்கச்சி உள்ளன்னு சொல்லிட்டான்னு சிரிச்சிக்கிட்டே போனாரு. உனக்கு நிஜமாவே தெரியாதா?"

"தெரியாது அண்ணி."

நாலாம் நாள் மேஜைமேல் நிரந்தர உத்தரவு இருந்தது. அதிகாரி பேனாவைத் தன் பையிலேயே வைத்திருந்தார்.

"துக்கத்துல வேலை தேங்கிடுச்சு. அந்த அஞ்சு மணிப் புள்ளி இன்னும் நிக்குது பாரு. முடிச்சுட்டு வா, கையெழுத்துப் போடலாம்."

எழுந்து போய்விடுவோம் என்றுதான் அவள் நினைத்தாள். விரல் அதற்குள் பழக்கப்பட்ட இடத்துக்குப் போய்விட்டது.

படம் சுத்தமானது. அண்ணன் செத்த இடத்துக்கு, அந்தப் படத்தின்படி, எந்த யானையும் வந்ததேயில்லை.