அங்கே மலை இருக்கிறது

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவர் குமுதினி. ஷார்ஜாவின் ரோலா பஸ் நிலையத்தில் துபாய் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர்; மான்கள் வாழும் ஒரு காப்பகத்தின் நகர அலுவலகத்தில் வேலை. காப்பகத்துக் கேமரா எடுத்த படத்தைத் தினமும் காலையில் பார்ப்பார். எதிரே உள்ள மலை தெரிந்தால் சரி. பக்கத்தில் கல் உடைக்கும் கிரஷரின் தூசி அதை மறைத்தால், காற்று தெளியும்வரை கிரஷரை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

“மலை தெரிய வேண்டும் என்று ஒரு சட்டமா?” என்று கேட்டேன். என் பஸ் போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: ‘பாலைவனத்தின் பொன்னிறக் காலையில்...’

(அடித்துவிட்டேன். அன்றைய காலை துவைக்காத வேட்டியின் நிறத்தில் இருந்தது.)

இரண்டாவது: குமுதினி படத்தைத் திறந்தார். மலையைக் காணோம். நிறுத்தச் சொல்லித் தகவல் அனுப்பினார். உடனே கிரஷர் ஃபோர்மேன் கார்மேகம் போனில் வந்தார்.

“மேடம், இந்த வாரத்துல இது மூணாவது தடவை. மேனேஜர் என்னயப் போட்டுத் திட்டுறாரு. மூடுபனின்னு எழுதி விட்ருங்களேன்.”

“பனியெண்டால் எல்லாப் பக்கமும் மறைச்சிருக்கும் அண்ணை. உங்கட பக்கம் மட்டும்தான் மறைச்சுக் கிடக்கு.”

“இந்தப் பக்கம் மறைக்க என்ன இருக்கு?”

“மலை.”

“இங்க மலையே கெடையாதுங்க மேடம். ஆறு வருசமா இங்கதான இருக்கேன்.”

3

இந்த இடத்தில் கார்மேகத்தைப் பொய்யராக்கப் பார்த்தேன். கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் வசதி. குமுதினி விடவில்லை. “அந்த மனுசன் பொய் சொல்லேல்லை. உண்மையாவே கண்டதில்லை.”

சட்டம் வந்ததே இந்த வருடம்தான். அதற்கு முன் கிரஷர் நின்றதில்லை. இப்போது நிற்கிற நேரங்களிலும் ஆட்கள் ரூமுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள்.

குமுதினி நேரில் போனார். கார்மேகத்தின் பக்கத்தில் நின்று பார்த்தபோது வெறும் சாம்பல் நிறம். படத்தில் மட்டுமே மலையைக் கண்டிருந்த அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. வெளிக்காட்டவில்லை.

“ஒரு கிழமைக்கு கல்லுப் போற பெல்ட்டை எல்லாம் தார்ப்பாயால மூடி, தண்ணி தெளிச்சு ஓட்டுங்கோ. மலை வராட்டில், கேமராவை மாத்தச் சொல்லி நானே எழுதுறன்.”

அடிக்கடி நிறுத்துவதற்கு இது மேல் என்று மேனேஜரும் சம்மதித்தார்.

4

(அந்த வாரத்தில் மழை பெய்ததாக எழுதிப் பார்த்தேன். மழை வந்தால் பெருமை முழுவதும் அதற்குப் போய்விடும். வேண்டாம்.)

வாரம் முடிந்த காலையில் குமுதினி படத்தைத் திறப்பதற்குள் போன் வந்தது.

“மேடம்.” கார்மேகம்தான். “மலை இருக்குங்க.”

ஆட்கள் டீ கிளாஸோடு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். மேனேஜர்கூட ‘யல்லா, கிளம்புங்க’ என்று விரட்டவில்லை. கார்மேகம் ஊரிலிருக்கும் மனைவி சரசுவை வீடியோவில் கூப்பிட்டார்.

“பின்னாடி பாரு.”

“என்னது, படம் ஒட்டிருக்கீங்களா?”

“மலை. இத்தன நாளா இங்கதான் இருந்திருக்கு. தூசில தெரியல.”

சரசு யோசித்தாள். “அப்போ அந்தத் தூசிக்குள்ளயா நீங்க இருந்தீங்க?”

கார்மேகம் போனை மலைப் பக்கம் திருப்பிக் காட்டினார்.

(குமுதினிக்கு இதைச் சொன்னவர் கார்மேகமேதான். சொல்லும்போது சிரித்தாராம்.)

5

இப்போது கிரஷர் ஆட்களுக்கு மலையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை லீவில். மலை இருப்பது காப்பகத்துக்குள்; நுழைய அனுமதி வேண்டும். குமுதினி மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார்.

ஒரு முடிவில் மேலதிகாரி மறுக்கிறார்: மான்கள் மிரளும். இன்னொன்றில் எல்லோரும் பிரியாணிப் பொட்டலத்தோடு போகிறார்கள், குமுதினியும். மூன்றாவதில்...

இல்லை. அந்த மேலதிகாரிக்கு நான் பெயர் வைக்கவில்லை. அவருடைய நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, நீங்களே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மான்களையும் யோசியுங்கள், அவசரமில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கார்மேகம் வேன் பேசி வைத்துவிட்டார்.