சாம்பல் நிறச் சரி

1

இந்தக் கதை ஒரு பொத்தானிலிருந்து பிறந்தது. சட்டைப் பொத்தான் இல்லை. இணையப் பக்கத்தில் விரலால் தொடுகிறோமே, அது. செய்தவர்கள் என் தங்கையும் அவள் கணவரும். பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று மாப்பிள்ளை வரைவார். தொட்டால் அது என்ன செய்ய வேண்டும் என்று தங்கை நிரல் எழுதுவாள். ஒரே அறையில் முதுகோடு முதுகாக இரண்டு நாற்காலிகள். கீழ்வீட்டில் நான்.

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘மழை ஓய்ந்த அந்த மாலையில், திரையின் ஒளி அவள் முகத்தில்...’ மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மதியச் சாப்பாடு மேல்வீட்டில்தான். ஆகவே இந்தக் கதையில் நான் நடுநிலையாக இருப்பேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

2

பல் டாக்டர் அம்மா ஒருவர், தன்னிடம் வரப் பயப்படும் குழந்தைகளுக்காகத் திரையில் ஒரு விளையாட்டுக் கதை கேட்டார். பல்வலி வந்த முதலை ஒன்று அவர் வாசலில் நின்று தயங்கும். அடுத்து என்ன நடக்கும் என்பதைக் குழந்தை பொத்தானைத் தொட்டு முடிவு செய்யும். வசனம் என் பொறுப்பு. ‘நான் உள்ளே போகட்டுமா?’ என்று முதலை கேட்கும். கீழே ‘சரி’, ‘வேண்டாம்’ என இரண்டு பொத்தான்கள்.

“அண்ணா, மொபைல்ல வரி உடையுது. ஒரு வார்த்தையத் தூக்கிடு,” என்றாள் தங்கை.

‘உள்ளே’யைத் தூக்கினேன். ‘நான் போகட்டுமா?’ என்றானது.

தங்கை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று தன் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுத்தாளனுக்குக் கூர்மையான பார்வை என்பதெல்லாம் நாங்களே கிளப்பிவிட்ட வதந்தி.

3

சாப்பிடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வேறோர் ஊரில், கணினி விளையாட்டுகள் செய்யும் நிறுவனம் தங்கையை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. படிக்கிற காலத்திலிருந்து அவள் ஆசைப்பட்ட வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். “நான் போகட்டுமா?” என்று கணவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் “சரி” என்றிருக்கிறார்.

“அதான் சரின்னுட்டாரே, அப்புறம் என்ன?”

“அது என்ன சரி அண்ணா? பஸ்ல இடம் கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் தள்ளி உக்காருவாங்களே, அந்த மாதிரி ஒரு சரி.”

நம் மொழியில் இந்தச் சொல்லை நம்பவே கூடாது. ஒப்புக்கொள்வதற்கும் சரிதான், பேச்சைக் கத்தரிப்பதற்கும் சரிதான். இரண்டு முறை சொன்னால் ‘நடையைக் கட்டு’ என்று பொருள்.

(இந்த இடத்தில் மாப்பிள்ளையைக் கல்நெஞ்சக்காரராக்கி ஒரு பத்தி எழுதினேன். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை. முதலையின் கன்னம் பார்க்கப் பாவமாக வீங்கியிருக்கிறதா என்று அரைநாள் கவலைப்பட்ட மனிதரை நான் எப்படி)

4

பக்கத்தைப் பரிசோதித்துவிட்டு டாக்டர் அம்மா போன் செய்தார். தங்கை ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏம்மா, வேண்டாம்னா நல்லா வேலை செய்யுது. சரியத்தான் என்ன அமுக்கினாலும் அமுங்கல. என்கிட்ட வர்ற ஒரே வழிய அடைச்சு வச்சிருக்கீங்களே!”

தங்கை தேடிப் பார்த்தாள். குழப்பம் இருவருடையது. மாப்பிள்ளை ‘சரி’யைச் சாம்பல் நிறத்தில் வரைந்திருந்தார். அவர்கள் தொழிலில் சாம்பல் நிறப் பொத்தான் என்றால் இப்போதைக்குத் தொட முடியாதது என்று அர்த்தம். அவளும் அப்படியே, அமுங்காதபடி நிரல் எழுதிவிட்டாள்.

“சாம்பல்னா அமுங்காதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். என்னமோ, அந்தக் கேள்விக்குக் கீழ பச்சை போடக் கை வரல.”

தங்கை நாற்காலியோடு திரும்பினாள். “அப்ப எனக்குச் சொன்ன சரி?”

மாப்பிள்ளையின் காது சிவந்தது.

“ஹலோ, லைன்ல இருக்கீங்களா? முதலை இன்னும் வாசல்லயே நிக்குது,” என்றார் டாக்டர்.

5

கதை முடிய மூன்று வழிகள் யோசித்தேன். அவள் போகிறாள், அவர் ஜன்னலோரம் நின்று கையசைக்கிறார்: அழுகை எனக்கு எழுத வராது. அவள் போகவில்லை: இதை ஒரே மூச்சில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன், என் வயிறு எழுதிய முடிவு என்று தெரிந்ததும் கிழித்துப் போட்டேன். இருவரும் போகிறார்கள், மேல்வீட்டுச் சாவி என்னிடம்

தங்கை வாங்கிப் படித்தாள். “எங்க வாழ்க்கைல உனக்குச் சாப்பாட்டுக் கவலை!”

6

உண்மையில் நடந்தது இது. வெள்ளிக்கிழமை காலை முதலையைக் காணோம். பக்கம் முழுக்க வெள்ளை.

“யார் கைவச்சது?” என்று தங்கை கத்தியதில் நான் கீழிருந்து ஓடினேன்.

கைவைத்தவர் மாப்பிள்ளை. நிரல் எழுதவே வராத மனிதர், அவள் எழுந்து வருவதற்குள் மூன்றாவதாக ஒரு பொத்தானைத் தானே செருகப் பார்த்திருக்கிறார். பொத்தானில் வர வேண்டிய சொற்களை இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே எழுத வேண்டும். இவர் திறந்திருக்கிறார், மூடவில்லை. மொத்தப் பக்கமும் படுத்துவிட்டது.

“ஆரம்பிச்சத முடிக்கவே மாட்டியா நீ?” என்று சிரிப்பை அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை. மாப்பிள்ளையும் சிரித்தார். எனக்கு மட்டும், சொல்ல வெட்கமில்லை, கண் கலங்கிவிட்டது.

“நீயே மூடிடேன்,” என்றார்.

“மாட்டேன். உன் வாக்கியம், நீதான் முடிக்கணும்.”

அவர் நாற்காலியைத் தன் பக்கம் திருப்பிவைத்தாள். முதல் முறையாக அந்த நாற்காலிகள் எதிரெதிரே இருந்தன. மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். நான் மெல்ல நழுவிக் கீழே வந்துவிட்டேன். ஆகவே நிரலில் அவர் செருகியிருந்த வரியை மட்டும், திரையில் கண்டது கண்டபடியே தருகிறேன். அச்சுப்பிழை என்று யாரும் எனக்கு எழுத வேண்டாம். மூடும் குறி உங்கள் கையில்.

“சரி, ஆனா