ஒரு எழுத்துத்தானே, அண்ணே!

போன வருடம் ஒரு வங்கியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. உறையில் 'என்சிக் சரளா' என்று அச்சடித்திருந்தார்கள். திருவாளர் சரளா! மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நேரே போய், கவுண்டரில் இருந்தவரைப் பிடி பிடியென்று பிடித்தேன். ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் கேட்க வேண்டும், கேட்காமல் நீங்களே ஆண் என்று முடிவு கட்டுவீர்களா என்று நான் போட்ட சத்தத்தில் காவலாளி எழுந்து நின்றுவிட்டார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை நான் மறைத்ததே இல்லை. இதை ஏன் முதலிலேயே சொல்லி வைக்கிறேன் என்றால், ஊருக்குத்தான் உபதேசம் என்பதற்கு என்னைவிட நல்ல உதாரணம் ஈப்போவில் கிடைக்காது.

நான் ஈப்போவில் ஒரு சின்னக் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். அதனால் ஆத்துமேட்டுத் தோட்ட மக்கள் விளையாட்டு விழாவுக்குப் பெயர்ப் பதிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. ஆத்துமேட்டுத் தோட்டத்தில் இப்போது எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. ரப்பர் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். ஆட்கள் ஈப்போ, பீடோர், லூமுட், பாகான் டத்தோ என்று நாலு பக்கமும் போய்விட்டார்கள். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தோட்டத்துப் பழைய திடலில், எங்கள் பேச்சில் பாடாங்கில், கூடி, நாலு ஊரும் நாலு அணியாகப் பிரிந்து மோதிக்கொள்வோம்.

போன வருடம் வரை ஆண்களுக்குக் காற்பந்து மட்டும்தான். இந்த வருடம் முதன்முறையாகப் பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. அதற்காகச் சண்டை போட்டு வாங்கியவள் என் அக்கா நவமணி. கையுறை ஃபேக்டரியில் லைன் லீடர். மூன்று மாதமாக வேலை முடிந்ததும் புந்தோங் திடலில் லாரி டயரைக் கயிற்றில் கட்டி, ஒன்பது பெண்களைச் சேர்த்துக்கொண்டு இழுத்துப் பழகினாள். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். "இது காய்ச்சாத்தான்டி கயிறு நழுவாது" என்று பெருமையாக வேறு காட்டுவாள்.

விழாவுக்கு முந்திய வியாழக்கிழமை, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் பத்துமலை அண்ணன் ஒரு செய்தி போட்டார். 'பெண்கள் கயிறு இழுத்தல் ரத்து. பெயர் கொடுத்த பெண்கள்: பூஜ்ஜியம்.'

பத்தாவது நிமிடம் அக்கா என் ஆபீஸ் வாசலில் நின்றாள். தோளில் இருபது மீட்டர் கயிறு. ரிசப்ஷனிஸ்ட் அரண்டு போய் என்னைக் கூப்பிட்டாள்.

"வாடி வெளிய" என்றாள் அக்கா.

பக்கத்தில் ஷரபுதீன் அண்ணன் தேநீர்க் கடை. உட்கார்ந்ததும் அக்கா ஒரு அட்டையை மேசையில் விட்டெறிந்தாள். விளையாடுபவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பெயர் அட்டை. பத்துமலை அண்ணன் அன்று காலைதான் ஊர் ஊராகக் கொடுத்தனுப்பியிருந்தார்.

'நவமணி ஏ/எல் அர்ச்சுனன்.'

ஏ/எல் என்றால் மலாயில் அனாக் லெலாக்கி, மகன். அக்காவுக்கு வரவேண்டியது ஏ/பி, அனாக் பெரெம்புவான், மகள். லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். பாகான் டத்தோ சாந்தி, மகன். லூமுட் புஷ்பம், மகன். பீடோர் கலாதேவி, மகன். நாலு ஊரிலும் ஒரு பெண்கூட இல்லை, எல்லோரும் ஆண் பிள்ளைகள்.

"எப்புடிடி ஆச்சு இது? எவன் பண்ணான்?" என்றாள் அக்கா.

எவன் என்று தேட வேண்டியதே இல்லை. நான்தான். மென்று விழுங்கிக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, எல்லாரு பேரும் போயிச் சேருற பெரிய புத்தகம் ஒண்ணு இருக்கு. அதுக்கு டேபிள்னு பேரு. அத நேரா தொடவிட்டா ஆளாளுக்குக் கெடுத்துருவாங்க. அதனால ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஜன்னல் வச்சுக் குடுத்தேன். அதுதான் வியூ. ஜன்னல்ல பேரு, அப்பா பேரு, வயசு, போன் நம்பரு மட்டுந்தான் தெரியும். ஏ/எல்லா ஏ/பியான்னு இருக்குற கட்டம் அதுல இல்ல."

"இல்லாத கட்டத்துல எவன்டி எழுதுனான்?"

அந்த நேரம் பார்த்து ஷரபுதீன் அண்ணன் வந்தார். "தே ரெண்டுண்ணே" என்றேன். இரண்டு நிமிடத்தில் கெட்டிப்பாலும் சீனியும் போட்டு இரண்டு தே வந்தது.

"பாத்தியா" என்றேன். "நாம பாலுன்னு சொன்னோமா, சீனின்னு சொன்னோமா? ஒண்ணும் சொல்லலன்னா இப்புடித்தான் வரும். வேணாம்னா தே ஓ கோசோங்னு நாமதான் சொல்லணும். அதுக்குப் பேரு டீஃபால்ட். ஜன்னல்ல அந்தக் கட்டம் இல்ல, அதனால யாரும் ஒண்ணும் சொல்லல. பின்னால டேபிள் தானா டீஃபால்ட்ட எடுத்துப் போட்டுக்கிருச்சு."

"டீஃபால்ட் என்னா?"

"ஏ/எல்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "போன வருஷம் காற்பந்துக்குப் போட்டது. அப்ப எல்லாம் ஆம்பளைங்கதானே. அதே டேபிள எடுத்து அப்புடியே வச்சிட்டேன்."

அக்கா தேயைக் குடிக்கவில்லை. கயிற்றை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"நம்ம அப்பாவப் பாத்து 'ரெண்டும் பொண்ணாப் போச்சே அர்ச்சுனா'ன்னு எத்தன பேரு சொல்லியிருப்பாங்க? ஒரு நாளாச்சும் அப்பா மூஞ்சி சுளிச்சிருப்பாரா? இப்ப நீ போயி அவருக்கு ஆம்பளப் புள்ள குடுத்திருக்க. பேங்குக்காரன ஏசப் போனியே, நீதானடி அது?"

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

சாயங்காலம் இரண்டு பேருமாகப் பத்துமலை அண்ணனின் டயர் கடைக்குப் போனோம். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு முடிவு எடுத்துவிட்டால் ஜாக்கி வைத்தாலும் நகர மாட்டார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அலாமாக்! ஒரு எழுத்துத்தானே லா? எல்லு, பீ! அதுக்குப் போயி ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க. அட்டை அடிச்சாச்சு, அந்த நேரத்த சாக்கு ஓட்டத்துக்குக் குடுத்தாச்சு. இந்த வருஷம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் வரைக்கும் கயித்தப் புடிச்சிக்கிட்டே நிக்கவா?" என்றாள் அக்கா. கடை நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். டயர் மாற்ற வந்த சீனர் ஒருவர், இது என்ன வேலைநிறுத்தமா என்கிற மாதிரி பார்த்தார்.

பத்துமலை அண்ணன் தலையைச் சொறிந்தார். "சரி. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள நாலு ஊருப் பொம்பளைங்க பட்டியலும் கம்ப்யூட்டர்லருந்து எனக்கு வரணும். கையெழுத்துப் பட்டியல் வேணாம், அதுல வந்த சண்டை எனக்குப் போதும். நடுவர் பேரும் அதுல இருக்கணும். நடுவர் நாந்தான். ஒரு நிமிஷம் தாண்டுனாலும் சாக்கு ஓட்டந்தான்."

நானே உட்கார்ந்து ஏ/எல்லை ஏ/பி ஆக்கிவிடலாம்தான். ஆனால் நூற்றுச் சொச்சம் பேரில் யார் ஆண் யார் பெண்? ஜோதி என்று மூன்று பேர். அதில் ஒருவருக்கு மீசை உண்டு என்று எனக்கே தெரியும். மறுபடி ஊகித்து மறுபடி மாட்டிக்கொள்ள நான் தயாராயில்லை. பழைய பதிவிலிருந்து பெண்கள் எல்லோரும் விலகி, புதிதாகப் பதியட்டும் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை காலை பெண்களுக்கென்று தனி ஜன்னல் ஒன்று செய்தேன். இந்த முறை அந்தக் கட்டத்தை ஜன்னலுக்குள் சேர்த்து, ஜன்னலுக்கே ஒரு டீஃபால்ட் எழுதினேன்: ஏ/பி. ஜன்னலுக்கென்று தனி டீஃபால்ட் இருந்தால், பின்னால் டேபிள் சொல்வது எடுபடாது. திரையில் அந்தக் கட்டத்தைக் காட்டவில்லை. பெண்கள் ஜன்னலில் பெண்கள்தானே வருவார்கள், எதற்கு வீணாக ஒரு கேள்வி என்று நினைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா லீவு போட்டுவிட்டுப் போனும் கையுமாக என் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்ட பெயர்களை அவளே ஜன்னலில் ஏற்றினாள். "ஏ சாந்தி, ரொட்டி சானாய அப்புறம் தின்னு, மொதல்ல பேரச் சொல்லு!" லூமுட்டில் ஒருத்தி படகுத்துறையில் இருந்தாள், இரைச்சலில் வயது கேட்கவில்லை. "முப்பத்தி ஒம்போதா, இருபத்தி ஒம்போதா?" "உனக்கு எது புடிக்குதோ அதப் போடு" என்றாளாம். பன்னிரண்டு அடிக்க ஏழு நிமிடம் இருந்தபோது எண்ணிக்கை நின்றது. நாற்பத்தொன்று.

ஊருக்குப் பத்துப் பேர், நாலு ஊருக்கு நாற்பது. நாற்பத்தொன்று எப்படி என்று ஒரு விநாடி யோசித்திருக்கலாம். சந்தோஷத்தில் யார் யோசித்தது? பட்டியலை அனுப்பினேன். 'ஓகே. சாக்கு ஓட்டம் காலையில. கயிறு மூணு மணிக்கு' என்று பதில் வந்தது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆபீஸ் என்றும் பார்க்காமல் குதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. முந்திய நாள் பெய்த மழையில் பாடாங் சொதசொதவென்று இருந்தது. மைக் பிடித்திருந்தவர் எங்கள் அப்பா அர்ச்சுனன். விழா தொடங்கிய காலத்திலிருந்து மைக் அவர் கையில்தான். குரல் ஒலிபெருக்கி இல்லாமலே பீடோர் வரை கேட்கும். மூன்று மணிக்குப் பெண்கள் வரிசையாக நிற்க, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். எழுத்தைச் சுருக்காமல் முழுசாகப் படித்தார். "சாந்தி அனாக் பெரெம்புவான் ராமையா... கலாதேவி அனாக் பெரெம்புவான் ஐயாவு..." ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல்.

நாற்பது முடிந்தது. அப்பா தாளைத் திருப்பினார். படிக்கிற வேகத்தில் அதையும் அப்படியே படித்துவிட்டார்.

"நடுவர், பத்துமலை அனாக் பெரெம்புவான் முனியாண்டி!"

பாடாங்கில் எழுந்த சிரிப்பில் செம்பனை மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். நடுவர் பெயரும் வேண்டும் என்றாரே, அதனால் பெண்கள் ஜன்னல் வழியாகவே அவரையும் அக்கா ஏற்றியிருக்கிறாள். ஜன்னல் தன் கடமையைத் தவறாமல் செய்துவிட்டது. கடவுள் சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை!

பத்துமலை அண்ணன் கழுத்தில் விசிலோடு பாய்ந்து வந்தார். "என்னா வெளையாட்டு இது? எங்கப்பன் பேரு என்னா ஆவுறது? எத்தன பேரு முன்னால!"

அக்கா கயிற்றைக் கீழே போடவில்லை. முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒரு எழுத்துத்தானே, அண்ணே! அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றாள்.

பெண்கள் வரிசை முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது. "ஒரு எழுத்துத்தானே, அண்ணே!" அண்ணனுக்கு மூக்கு வரை சிவந்துவிட்டது. கோபத்தில் மனிதனுக்கு வாய் எங்கே போகிறது என்று தெரியாது. அப்பா பக்கம் திரும்பி, "உனக்கு ஒரு ஆம்பளப் புள்ள இருந்திருந்தா இந்த வேலைய ஒழுங்கா செஞ்சிருப்பான் அர்ச்சுனா!" என்று சொல்லிவிட்டார்.

மைக் பக்கத்திலேயே இருந்தது. பாடாங் முழுக்கக் கேட்டது. சிரிப்பு பட்டென்று நின்றது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஒரு திருத்தம்" என்றார். சத்தம் போடவில்லை. வழக்கமான அறிவிப்புக் குரல்தான். "நடுவர், பத்துமலை அனாக் லெலாக்கி முனியாண்டி. அது எழுத்துப் பிழை. சங்கத்து சார்பா மன்னிப்புக் கேட்டுக்கிறேன். பட்டியல் தயாரிச்சது, சரளா அனாக் பெரெம்புவான் அர்ச்சுனன். ஈப்போ அணித் தலைவி, நவமணி அனாக் பெரெம்புவான் அர்ச்சுனன்." தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அதுல எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல."

யார் முதலில் தட்டியது என்று தெரியவில்லை. பாகான் டத்தோக்காரிகள் என்று நினைக்கிறேன். பத்துமலை அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அப்பாவின் தோளில் கையை வைத்து ஏதோ சொன்னார். அப்பா தலையாட்டினார். அண்ணன் விசிலை வாயில் வைத்தார்.

இறுதியாட்டத்தில் அக்கா அணி பாகான் டத்தோவிடம் தோற்றது. தேங்காய் மூட்டை தூக்கிப் பழகிய கைகள் அவை, லாரி டயர் எந்த மூலைக்கு? மூன்றாவது இழுப்பில் பத்துப் பேரும் சேற்றில் குப்புற விழுந்தார்கள். எழுந்தபோது ஏ/எல்லா ஏ/பியா என்று பெற்றவர்களுக்கே அடையாளம் தெரிந்திருக்காது. அக்கா சேற்றோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் போட்டிருந்த புது பாஜு பாழாய்ப் போனது. போனால் போகட்டும்.

திங்கட்கிழமை முதல் வேலையாக டேபிளில் இருந்த டீஃபால்ட்டைத் தூக்கினேன். ஜன்னலில் இருந்ததையும் தூக்கினேன். அந்தக் கட்டத்தை எல்லா ஜன்னலிலும் எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன். நிரப்பாவிட்டால் பதிவு ஏறாது. சோதித்துப் பார்க்கச் சொல்லிப் பத்துமலை அண்ணனுக்கே அனுப்பினேன். அரைமணி நேரத்தில் போன் வந்தது.

"ஏ சரளா, இது என்னா? பேரு போட்டேன், அப்பா பேரு போட்டேன், சிவப்புக் கோடு காட்டிட்டு உள்ள விடமாட்டேங்குது."

"கேக்குதுண்ணே" என்றேன். "பதில் சொல்லுங்க."